மீனுக்கென்று ஒரு படி

பாகூர்,
11 பெப்ருவரி 1934, ஞாயிறு.

சைகோனில் இருக்கும் சிரஞ்சீவி ஆதிமூலத்துக்கு, உலகநாதன் ஆசீர்வதித்து எழுதுவது. நானும் என் மனைவி கனகாம்பாளும் சுகம். உன் சுகத்துக்கு மறு கப்பலில் எழுதவும்.

இதுவரை உனக்கு வந்த கடிதங்களில் கையெழுத்து என்னுடையது, வார்த்தை உன் தாயார் தையலம்மாளுடையது. இந்தக் கடிதத்தில் இரண்டும் என்னுடையவை. அவருக்குத் தெரியாமல் எழுதுகிறேன். அது சரியா என்று எனக்கே நிச்சயமில்லை. நொத்தேர் ஆபீசில் முப்பது வருஷம் பத்திரம் எழுதிய பழக்கத்தில், சொல்ல வேண்டியவற்றை முதலில் இலக்கமிட்டுக்கொள்கிறேன். இல்லாவிட்டால் பயத்தில் பாதியை விட்டுவிடுவேன்.

1. உன் தாயாரின் உடல்நிலை.
2. எங்கள் தெரு அவரிடம் மீன் வாங்காமல் போன காரணம்.
3. இத்தனை வருஷமும் அவர் அறியாமல் ஏமாந்து வந்தது.
4. உன்னிடம் நான் கேட்பது.

முதலாவது. உன் தாயாருக்கு வலது முழங்கால் வீங்கியிருக்கிறது. அந்தக் காலோடு பன்னித்திட்டிலிருந்து கூடையைத் தூக்கிக்கொண்டு எங்கள் ஊரைத் தாண்டி, கரியமாணிக்கம் வரை நடக்கிறார். எங்கள் தெருவுக்கு அவர் வந்து இருபத்திரண்டு நாள் ஆகிறது. உன் கடிதம் ஒன்று பிரிக்கப்படாமல் என் பெட்டியில் கிடக்கிறது. அதைப் படித்துக் கேட்கக்கூட வரவில்லை.

இரண்டாவது. எங்கள் தெருவில் மீனுக்கு நெல் கொடுப்பதுதான் வழக்கம் என்பது உனக்குத் தெரியும். பொங்கல் கழிந்து கனகாம்பாள் காய்ச்சலில் படுத்திருந்தாள். நானே நெல் அளக்கப் போனேன். வாழ்நாளில் அதுதான் முதல் தடவை. கைக்குக் கிடைத்த இரும்புப் படியால் அளந்தேன், மேரி ஆபீசில் அளவு சரிபார்த்து முத்திரை குத்தியது. உன் தாயார் படியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கூறுவைத்த காரப்பொடி மீன்மேல் இன்னும் இரண்டு கை அள்ளிப் போட்டார். முதிய கை அளக்கிறதே என்ற பிரியம் போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

உள்ளே வந்ததும் கனகாம்பாள், “ஐயோ, அந்தப் படியிலயா அளந்தீங்க? மீன்படி அங்க மூலையில இருக்குதே!” என்றாள். எடுத்துப் பார்த்தேன். மரப்படி. உள்ளே, அடியில் ஒரு விரல் கனத்துக்கு மெழுகு உருக்கி ஊற்றியிருந்தது; அளக்கும் நெல் அவ்வளவு குறையும். எல்லா வீட்டிலும் இப்படியா என்று கேட்டேன். “பன்னெண்டு வூட்டுலயும் இப்படித்தான். உங்க அம்மா எனக்குக் குடுத்த படி இது. இன்னாத்துக்கு இப்படி முழிக்கிறீங்க?” என்றாள்.

ஒருவருடைய உழைப்பை வாங்கும்போது முழு அளவு கொடுக்காமல் வாங்கினால் அந்த மீன் எப்படி நம்முடையதாகும்? ஆனால் பக்கத்து வீட்டுக்காரரை முகத்துக்கு நேராகக் கேட்கும் தைரியம் எனக்கு எந்த வயதிலும் இருந்ததில்லை. ஆகவே எழுதினேன். ‘மீன் வாங்குவோருக்கு ஒரு வேண்டுகோள்’ என்று தலைப்பிட்டு, எல்லோரும் முத்திரைப் படியால் அளக்கலாமே என்று பணிவாகப் பதினொரு பிரதி எழுதி, ஒவ்வொரு வீட்டிலும் சேர்ப்பித்தேன். நல்ல காகிதம் என்று பழைய ஆபீசுக் காகிதத்தில் எழுதியதுதான் என் புத்தி.

அந்தக் காகிதம் வந்தால் வழக்கு வந்துவிட்டது என்றுதான் இங்கே அர்த்தம். அன்று சாயங்காலமே எதிர்வீட்டுச் சுப்பராயலு அதைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். “இன்னா ஐயா, மீன்காரி பேச்சக் கேட்டுக்கினு எங்களுக்கே நோட்டீசு வுடுறீங்களா? நாங்க இன்னா திருடனுங்களா?” என்றார். உன் தாயார் ஒன்றும் சொல்லவில்லை, நானாகத்தான் எழுதினேன் என்றேன். ஒருவரும் நம்பவில்லை. மறுநாள் உன் தாயார் கூவிக்கொண்டு வந்தபோது பதினொரு கதவும் சாத்தியிருந்தன. எங்கள் வாசலில் மட்டும் இரும்புப் படியோடு நின்றேன். அவர் கூடையை இறக்கவில்லை. “ஒரு வூட்டுக்காவ எறக்கி ஏத்த முடியாது ஐயா” என்று சொல்லிவிட்டுப் போனார்.

சாயந்திர வெளிச்சம் போய்விட்டது. மூன்றாவதை நாளை எழுதுகிறேன்.

14, புதன்.

இரண்டு நாள் எழுதவில்லை. நேற்று உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு பன்னித்திட்டுக்கு நடந்து போனேன். உன் தாயார் வாசலில் உட்கார்ந்து காலுக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தார். கடிதத்தை இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார். உனக்குச் சம்பளம் கூடியது அறிந்து சந்தோஷம். பிறகு நான் மன்னிப்புக் கேட்டேன். இத்தனை வருஷம் எங்கள் தெரு உங்களை ஏமாற்றியிருக்கிறது, தெரிந்ததும் சும்மா இருக்க முடியவில்லை என்றேன்.

அவர் சிரித்தார். “எனுக்குத் தெரியாதா ஐயா? பன்னெண்டு வூட்டுப் படியில எது எவ்ளோ கொறயும்னு கையாலயே சொல்வேன். சுப்பராயலு வூட்டுது ரொம்ப மோசம், அதுக்குத் தக்க கூறும் சின்னதாத்தான் வெப்பேன். உங்க வூட்டுது பரவால்ல. அன்னிக்கு நீங்க முழுசா அளந்தீங்க, நானும் சேத்துப் போட்டேன். போடலியா?” என்றார்.

அந்த இரண்டு கைப்பிடிக்கு அப்போதுதான் அர்த்தம் விளங்கியது.

அப்படியானால் பழையபடியே வாருங்கள், நான் தெருவாரிடம் பேசுகிறேன் என்றேன். “இனிமே எப்படி வர்றது? பழைய படியில வாங்கினா நான் மானங்கெட்டவ. புதுப் படியில அளந்தா அவங்க திருடனுங்க. ரெண்டு பேரும் கண்ண மூடிக்கினு நல்லா இருந்தோம், நீங்க தொறந்து வுட்டுட்டீங்க” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபித்திருந்தால் எனக்குத் தேவலை. கரியமாணிக்கத்து வீட்டுப் படிகள் அவர் கைக்கு இன்னும் பிடிபடவில்லையாம். கூறு பெரிதாகிவிடுகிறது, நெல் குறைந்துவிடுகிறது என்றார்.

இன்று காலை சுப்பராயலுவிடம் போனேன். அவர் முகங்கொடுக்கவில்லை. அவர் மனைவி மட்டும், “அந்தம்மா வந்து, நான் ஒண்ணும் சொல்லலன்னு ஒரு வார்த்த சொல்லட்டும், வாங்குறோம்” என்றாள். சொல்லாததைச் சொல்லவில்லை என்று பதினொரு வாசலில் நின்று சொல்ல உன் தாயார் வரமாட்டார். வரச்சொல்ல எனக்கும் வாயில்லை. முழுப் படியில் அளப்பது நியாயம் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். அதை எப்படிச் செய்திருக்க வேண்டும் என்பது மட்டும் எனக்குத் தெரியவில்லை.

நான்காவது. உன் பேச்சைத்தான் அவர் கேட்பார். கால் ஆறும்வரை கரியமாணிக்கத்துக்கு நடக்க வேண்டாம் என்று எழுது. நான் நெல்லோ பணமோ அனுப்பினால் திருப்பிவிடுவார். நீ அனுப்பினால் வாங்கிக்கொள்வார். கடிதத்தை வழக்கம்போல என் விலாசத்துக்கே போடு. கொண்டுபோய்ப் படித்துக்காட்ட என் கால் இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது. அந்த ஒரு வேலையையாவது என்னிடமிருந்து எடுத்துவிடாதே.

உன் தொழில் விளங்கி, சீக்கிரம் ஊர் திரும்பி, தாயாரின் கூடையை நீ இறக்கி வைக்க ஈசுவரன் அருளட்டும்.

இப்படிக்கு,
உலகநாதன்.

ஓரக் குறிப்பு: மேலே மூன்றாவதாகக் குறித்தது தவறு. பத்திரத்தில் பிழை இருந்தால் மறைக்காமல், ஓரத்தில் எழுதிக் கையெழுத்திட வேண்டும் என்பது எங்கள் ஆபீசு விதி. ஆகவே அதை அடிக்கவில்லை. உன் தாயார் எதையும் அறியாமல் இருக்கவில்லை. நாற்பது வருஷம் அந்தப் படியில் வாங்கிய மீனைத் தின்றுகொண்டு, அறியாமல் இருந்தவன் நான்தான். உ.