உன் வளையல்கள் பதித்த தட்டு

கண்ணுக்குள்ளேயே இருக்கிற என் அக்காவுக்கு,

நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. இத்தனை நாளும் மனசுக்குள்தான் உன்னோடு பேசிக்கொண்டிருந்தேன். இப்போது எழுதிச் சொல்ல ஒரு நல்ல சேதி இருக்கிறது. உன் மகள் தேவிக்கு வளைகாப்பு முடிந்தது.

நாள் குறித்ததுமே அவள் திருச்சுழி வீட்டுக்குப் போய், உன் பீரோவிலிருந்து கண்ணாடி வளையல்களை எடுத்து வந்துவிட்டாள். வளைகாப்பன்று முதலில் அதைத்தான் போட வேண்டும் என்று ஆசை. உனக்குச் சின்னக் கை. அவளுக்கோ மாசமாக இருப்பதில் கை வீங்கியிருக்கிறது. சோப்பு போட்டுத் தள்ளியும் ஏறவில்லை, ஒரு வளையல் உடைந்துபோனது. பாளையம்பட்டியில் என் பெயிண்ட் கடைக்கு வந்து, டப்பாவை மேசையில் வைத்துவிட்டு அழுதாள்.

"அம்மா வளையல் அன்னைக்கு என் கூட இருக்கணும் மாமா."

அவள் அழுதால் எனக்குத் தாங்காது என்று உனக்குத் தெரியும். போனில் எப்போதோ பார்த்த வீடியோ ஞாபகம் வந்தது. எபாக்ஸி ரெசின் என்று ஒன்று. ஊற்றும்போது தேன் மாதிரி இருக்கும், இறுகினால் கண்ணாடி. அதற்குள் எதை வேண்டுமானாலும் பதிக்கலாம். "வளையல் அடுக்குற தட்டு செஞ்சு தாரேன் தாயி. அம்மா வளையல் அதுக்குள்ள இருக்கும்" என்று சொல்லிவிட்டேன். அதுவரை நான் ரெசினைத் தொட்டதுகூட இல்லை.

ரெசின், அதை இறுகவைக்கும் ஹார்டனர், வளைகிற சிலிகோன் அச்சு எல்லாம் பார்சலில் வந்தன. பழகிக்கொள்ள முதலில் வெறும் மல்லிகைப் பூவைப் போட்டு ஊற்றினேன். மறுநாள் பார்த்தால் பிசுபிசுவென்று கையில் ஒட்டுகிறது. ஈரப் பூ கறுத்துக் கிடக்கிறது. என் பெண்டாட்டி விஜயா எட்டிப் பார்த்தாள்.

"பெயிண்டுல தின்னர் ஊத்துற மாதிரி கண்ணளவுல ஊத்துனீகளா?"

அப்படித்தான் ஊற்றியிருந்தேன். ரெசின் இரண்டு பங்குக்கு ஹார்டனர் ஒரு பங்கு என்று பாட்டிலிலேயே போட்டிருக்கிறது. அடுத்த முறை அளவு சரி. ஆனால் உச்சி வெயிலில், ஒரே கப்பில் நிறையக் கலந்துவிட்டேன். நம் ஊர் வெக்கைதான் தெரியுமே. ஊற்றுவதற்குள் கப் கொதித்துப் புகைந்து கல்லாகிவிட்டது. வாசலில் தூக்கி எறிந்தேன்.

"மதினி வளையலுக்கும் இப்படி ஆச்சுன்னா அந்தப் புள்ள மொகத்துல எப்படிங்க முழிப்பீக?" என்றாள் விஜயா. ஊற்றியதைத் திரும்ப எடுக்க முடியாதே அக்கா. உன்னுடையது என்று அவளிடம் இருக்கிற வளையல் அவ்வளவுதானே?

அதன் பிறகு அவசரப்படவில்லை. வெயில் ஏறுமுன், கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, கப்பின் ஓரமெல்லாம் வழித்து மெதுவாகக் கலக்கப் பழகினேன். தெளிவாக ஒரு சின்னத் தட்டு வந்த பிறகுதான் உன் டப்பாவைத் திறந்தேன்.

அன்று காலை தேவியும் வந்துவிட்டாள். "உள்ள வராத தாயி, இந்த வாடை உனக்கு ஆகாது" என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். கடை ஜன்னலைத் திறந்து, மாஸ்க்கும் கையுறையும் போட்டுக்கொண்டு, அச்சில் மெல்லிசாக அடிப்பகுதியை ஊற்றினேன். அது இறுகத் தொடங்கியதும் வளையல்களை வட்டமாக அடுக்கினேன். உடைந்த துண்டுகளையும் நடுவில் வைத்தேன். மேலே ஊற்ற வேண்டிய நேரத்தில் கப்பைத் தூக்குவதும் வைப்பதுமாக இருந்தேன். விஜயா கப்பை வாங்கி, நூல் பிடித்த மாதிரி ஊற்றினாள். கிளம்பிய குமிழிகளை நான் சூடு காட்டி உடைத்தேன். ஒன்று மட்டும் பச்சை வளையலுக்கடியில் ஒளிந்துகொண்டது. அது இன்னும் இருக்கிறது.

வளைகாப்பு பந்தல்குடியில், அவள் மாமியார் வீட்டில். தட்டைக் கண்டதும் தேவி மடியில் வாங்கிக்கொண்டு உன் வளையல்களைத் தடவித் தடவிப் பார்த்தாள். அழுவாள் என்று பயந்தேன். சிரித்தாள். அதில் அடுக்கிய புது வளையல்களைத்தான் எல்லாரும் எடுத்து அவளுக்குப் போட்டுவிட்டார்கள்.

நீ போனதிலிருந்து வாயைத் திறக்காத அத்தான், பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தார். "இந்தச் செகப்பு, இவ பொறந்தப்ப நான் வாங்கியாந்தது. இவ்வளவுதானா, பத்தாதுன்னு உங்க அக்கா சண்டை போட்டா" என்றார். பிறகு உன்னைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார். இவ்வளவையும் அவர் நினைவில் வைத்திருந்தது உனக்குத் தெரியுமா அக்கா?

தேவியைப் பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கே கூட்டி வந்துவிட்டோம். அடுத்த அறையில்தான் தூங்குகிறாள். விஜயா அவளுக்காக முறுக்கு சுடுகிறாள். வலி எடுக்கிற நேரத்தில் ஆஸ்பத்திரி வாசலில் நான் நிற்பேன். குழந்தையை முதலில் என் கையில் கொடுத்தால், அதன் காதில் உன் பெயரைத்தான் சொல்வேன்.

உன் கூடப்பிறந்தவன்,
தேவியின் தாய்மாமன்