மாப்பிள்ளை மேல் தப்பில்லை

திருவண்ணாமலை
23.11.2025

அன்பு மகள் இனியாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. அண்ணாமலையார் புண்ணியத்தில் நானும் அம்மாவும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், சிங்கப்பூரில் நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்க வேண்டும். ஃபோன் இருக்கும்போது இந்த மனுஷன் எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். ஃபோனில் பேசினால் நான் ரெண்டு வார்த்தை சொல்வதற்குள் குறுக்கு விசாரணை ஆரம்பித்து மடக்கிவிடுவாய், சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுபோகும். அதனால்தான் கூரியரில் அனுப்புகிறேன், முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் திட்டு. தீபத்துக்கு இன்னும் பத்து நாள், ஊர் இப்போதே தள்ளுமுள்ளு, கடலைக்காய் லாரி மண்டிக்கு வந்து சேருவதற்குள் உயிர் போகிறது. அம்மாவுக்கு முட்டி வலி கம்மி, கோபம்தான் ஜாஸ்தி. கோபம் என் மேல்.

விஷயம் உன் புத்தகங்கள். நீயும் மாப்பிள்ளையும் லா காலேஜில் ஒன்றாகப் படித்து, இங்கே கோர்ட்டுக்கு எதிரில் ஒரே அறையில் நாலு வருஷம் வக்கீல் தொழில் பார்த்தீர்கள். அப்புறம் உனக்கு சிங்கப்பூர் கம்பெனியில் ஒப்பந்தம் எழுதும் வேலை கிடைத்தது, போகும்போது உன் பங்குப் புத்தகங்களை ஆறு பெட்டியில் கட்டி என் கிடங்கில் வைத்துவிட்டு, இருக்கட்டும்ப்பா, வந்து எடுத்துக்கிறேன் என்றாய். மூன்று வருஷம் ஆயிற்று. மாப்பிள்ளை இங்கேயே நிலத் தகராறு, பாகப் பிரிவினை என்று கோர்ட்டில் அலைகிறார், சனிக்கிழமையானால் நீங்கள் படித்த காலேஜுக்கே போய்ச் சம்பளம் வாங்காமல் பாடம் நடத்துகிறார். அங்கே ஒரு புத்தகத்துக்கு நாற்பது பிள்ளைகள் காத்துக் கிடக்கிறார்களாம், காலேஜில் ஒரு வாசிப்பறை கட்டுகிறார்கள் என்றதும் தன் புத்தகங்களைக் கொடுத்துவிட்டார். உன்னுடையதைப் பற்றி என்னிடம் வந்து, இனியாவக் கேட்டுட்டு எடுத்துக்கலாம்னு பாக்கறேன் மாமா என்றுதான் சொன்னார். அவர் சொன்னது இவ்வளவுதான்.

நான்தான், இதுல கேக்கறதுக்கு என்னா இருக்குது மாப்பிள்ள, படிச்ச காலேஜுக்குத்தான போவுது, அவகிட்ட நான் சொல்லிக்கறேன், நீங்க வண்டிய எடுத்துக்கினு வாங்க என்று சாவியைக் கையில் கொடுத்தேன். கடலைக்காய் வரத்து ஆரம்பிக்கும் நேரம், இடம் வேண்டியிருந்தது, மூன்று வருஷம் அசையாத சரக்கு என்று என் வியாபாரி புத்தி கணக்குப் போட்டது. உன்னிடம் சொன்னேனா? சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளினேன். அதற்குள் காலேஜ்காரர்கள் உங்கள் ரெண்டு பேர் பெயரையும் போட்டு வாசிப்பறைத் திறப்பு விழா அழைப்பிதழை வாட்ஸ்அப்பில் விட்டுவிட்டார்கள். அதைப் பார்த்துவிட்டு நீ, நான் திரும்பி வரமாட்டேன்னு நீயே தீர்ப்பு எழுதிட்டியா என்று மாப்பிள்ளையைக் கேட்டுவிட்டு ஃபோனை வைத்தாயாம், பத்து நாளாக எடுக்கவில்லையாம். நீ அம்மாவிடம் அழுத பிறகுதான் எனக்கே தெரியும். அந்த மனுஷன் என் பெயரைச் சொல்லியிருந்தால் ஒரு நிமிஷத்தில் முடிந்திருக்கும். ஏன் சொல்லல என்று கேட்டதற்கு, உங்கமேல அவ கோச்சிக்கினா உங்களுக்குத் தூக்கம் வராது மாமா, என்மேல கோச்சிக்கறது அவளுக்குப் பழக்கம்தான என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. ஆள் இளைத்துப்போய், சட்டைக் காலர் கழுத்தில் நிற்காமல் தொங்குகிறது. அம்மா விடுவாளா, மூட்டை மாத்தற மாதிரி பொண்ணு சாமானத் தூக்கிக் குடுத்துட்டு, மாப்பிள்ளைய மாட்டிவிட்டுட்டு கம்முனு உக்காந்துகினு இருக்கீங்களே, நல்லா இருக்குதா என்று கேட்டாள்.

வியாழக்கிழமை வேன் எடுத்துக்கொண்டு புத்தகங்களைத் திருப்பிக் கொண்டுவரக் காலேஜுக்கே போனேன். பிரின்சிபால் அம்மா, வேணும்னா தாராளமா எடுத்துக்குங்க ஐயா என்றார். திறப்பு விழாவுக்கு முன்னாலேயே வாசிப்பறை உள்ளே கீழ்பென்னாத்தூர் பக்கத்துப் பெண் ஒன்று, கவிநிலா என்று பெயர், உன் சாட்சியச் சட்டப் புத்தகத்தை விரித்து வைத்து, ஓரத்தில் நீ பென்சிலில் எழுதியதை நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். சாட்சி பயந்தால் அவசரப்படுத்தாதே, தண்ணீர் கொடுக்கச் சொல் என்று எழுதியிருக்கிறாய். நான் உன் அப்பா என்று தெரிந்ததும், மேடம் இப்ப எந்த கோர்ட்டுல இருக்காங்க, ஒருநாள் வந்து பாக்கட்டுமா என்று கேட்டாள். ஊரெல்லாம் மார்தட்டி சிங்கப்பூர் சிங்கப்பூர் என்று சொன்னவனுக்கு அன்றைக்கு அந்த வார்த்தை வரவில்லை. வெறும் வேனோடு வந்தேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன் இனியா. கிடங்கில் இடம் வேண்டும் என்பது பாதிதான். நீ திரும்ப மாட்டாய் என்று என் மனசு எப்போதோ முடிவு கட்டிவிட்டது, உன்னிடம் கேட்கப் பயந்துகொண்டு பெட்டிகளை அனுப்பிவிட்டேன். தீர்ப்பு எழுதியவன் நான். நீ அங்கே இருப்பதோ இங்கே வருவதோ நீங்கள் ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணுங்கள், நான் மூக்கை நுழைக்க மாட்டேன். ஆனால் நான் செய்த தப்பை வைத்து மட்டும் முடிவு பண்ணிவிடாதே. புத்தகம் வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல், மறுநாளே கொண்டுவருகிறேன். அங்கேயே இருக்கட்டும் என்றால் அதையும் நீயே மாப்பிள்ளையிடம் சொல். டிசம்பர் 13 சனிக்கிழமை திறப்பு விழா.

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சண்டை போடுகிற தூரத்தில் நீங்கள் ரெண்டு பேரும் நூறு வருஷம் இருக்க வேண்டும் என்று என்னுடைய, அம்மாவுடைய ஆசீர்வாதம். மறக்காதே, கோர்ட்டில் சாப்பாட்டு இடைவேளை ஒன்றரை மணிக்கு, உங்கள் ஊரில் அப்போது நாலு மணி. மாப்பிள்ளை அந்த நேரம் ஃபோனைக் கையிலேயே வைத்திருக்கிறார்.

இப்படிக்கு,
உன் அப்பா
சக்கரவர்த்தி