அலை உடையாத இடம்

பாவா,

இன்று காலை பரணிலிருந்து உங்கள் அலைப் பலகையை இறக்கினேன். புன்னை எண்ணெய் வாசனை இன்னும் போகவில்லை. ஆசையாக இறக்கினேன் என்று நினைக்க வேண்டாம், வயிறு எரிந்துபோய் இறக்கினேன். ரைஸ் மில்லுக்காரரின் ஆள், மாசி மகத்துக்குப் பட்டணத்துக் கடலில் முழுக்குப் போட வருகிறவர்களின் பெயரை எழுத வந்திருந்தான். அடுப்படியில் இருந்த அக்காவின் காதில் விழும்படியே பேசினான்.

"போன தடவ உங்க அக்கா ஊட்டுக்காரரு தான் கெடுத்தாரு. பலக மேல ஆட்டம் போடப் போயி செத்தாரு. நம்ப மொதலாளி காப்பாத்த எறங்கியும் ஆவலியே!"

யார் யாரைக் காப்பாற்றியது?

யுத்தத்தில் குண்டு விழப்போகிறது என்று பட்டணம் காலியானபோது மற்றவர்கள் அண்டா குண்டாவோடு திருத்தணியில் வந்து இறங்கினார்கள். துறைமுகத்தில் வேலை பார்த்த நீங்கள், அக்காவையும் ஆளுயரப் பலகை ஒன்றையும் கூட்டிக்கொண்டு வந்தீர்கள். "மலை மேல அலை வருமா மாப்ள?" என்று ஸ்டேஷனிலேயே கேலி செய்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தவன்தான்.

பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் பட்டணத்துக் கடற்கரைக்கு என்னையும் இழுத்துப் போவீர்கள். உடனே தண்ணீரில் இறங்க மாட்டீர்கள். மணலில் குந்தி அலைகளைப் பார்த்துக்கொண்டே இருப்பீர்கள். விடியலில் கரைக்காற்று அடிக்கும்வரை அலை நிமிர்ந்து வரும். கடற்காற்று ஏறிவிட்டால் கலங்கி நொறுங்கிவிடும். நல்லதாக ஒன்று வந்ததும் பலகையில் குப்புறப் படுத்து, கரை வரைக்கும் சிரித்துக்கொண்டே வருவீர்கள். மீன்பிடிக்கிறவர்களோடு பழகி வந்த வித்தை அது. "அலை உடையற எடத்துல நில்லு, அது உன்ன கரைக்குத் தள்ளும். அலையே இல்லாத எடத்துல தான் தண்ணி திரும்பி உள்ள போவுது," என்பீர்கள்.

நம் ஊர்க்காரர்கள் குளத்துப் படிக்கட்டில் முழுகிப் பழகியவர்கள். அசையாத தண்ணீரைக் கண்டால் அதுதான் நல்ல இடம் என்று நினைப்பார்கள். போன மாசி மகத்துக்கு ஊரோடு கடலுக்குப் போனபோதும் அதுதான் நடந்தது. இரண்டு பக்கமும் நுரை பொங்க, நடுவில் ஒரு தெரு அகலத்துக்கு அலையே இல்லை. மில்லுக்காரர் அதைக் காட்டி, "கொளமாட்டம் கீது. பொம்பளைங்க, புள்ளைங்க எல்லாரும் இங்க வாங்க," என்றார்.

நீங்கள் குறுக்கே போய்க் கையை விரித்து நின்றீர்கள். "வாணாங்க. நுரையப் பாருங்க, வெளிய ஓடிகினு கீது."

"கடலுக்கு நீ தான் மணியக்காரனா?"

எல்லோரும் சிரித்தார்கள். ஆனாலும் பெண்கள் உங்களைத் தாண்டி வரவில்லை. அந்த ரோஷத்தில் அவர் மட்டும் இறங்கினார். இடுப்பளவில் நின்றவர் கண் மூடித் திறப்பதற்குள் தலை மட்டும் தெரியும் தூரத்துக்குப் போய்விட்டார். நீங்கள் பலகையோடு பாய்ந்தீர்கள். அவரைப் பலகையில் ஏற்றி, பக்கவாட்டில் நீந்தி, அலை உடைகிற பக்கம் தள்ளிவிட்டீர்கள். ஒரே அலை அவரைக் கரையில் போட்டது. பலகையில்லாத நீங்கள் அடுத்த அலையில் வருவீர்கள் என்று பார்த்தேன். அதற்கடுத்ததிலும் பார்த்தேன். மணலில் பலகையைக் கட்டிப்பிடித்துக் கிடந்த மனிதர் வாய் திறந்து கேட்ட முதல் வார்த்தை என்ன தெரியுமா? "என் செருப்பு எங்கடா?"

உங்களைத் தேடிக்கொண்டு நான் கரையிலேயே நின்றுவிட்டேன். ஊர்க்காரர்கள் ஏறிய ரயில் திருத்தணி சேர்வதற்குள் கதை தலைகீழாகிவிட்டது. மில்லுக்காரர் வீட்டில் வாடகைக்குக் குடியிருக்கிற நாங்கள் வாயை மூடிக்கொண்டோம். அக்காவைப் பார்த்து ஊரே "அலைப் பைத்தியத்தோட பொண்டாட்டி" என்றது. அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. என்னை மன்னிக்க வேண்டாம், பாவா.

இன்று பலகையை அந்த ஆளின் முன்னால் நிறுத்தினேன். "உன் மொதலாளிய கரைக்குக் கொண்ணாந்தது இது தான். தள்ளிவுட்டது எங்க பாவா. போய்ச் சொல்லு. ஊட்ட காலி பண்ணச் சொன்னாலும் பண்றோம்."

அவன் எழுந்திருக்கப் போனான். அக்கா ஈரக் கையோடு வெளியே வந்தாள். "குந்து. எங்க ரெண்டு பேர் பேரையும் எழுதிக்கினு போ," என்றாள். பிறகு என்னிடம், "அலையில்லாத எடம் எதுன்னு எனக்குக் காட்டு. அங்க நான் நிக்கறேன். என்னத் தாண்டி எவன் எறங்கறான்னு பாக்கறேன்."

எண்ணெய்க் கிண்ணத்தையும் அவளே கொண்டுவந்து வைத்தாள். பலகைக்குப் பூசிய கையோடுதான் இதை எழுதுகிறேன், பாவா. தாளெல்லாம் எண்ணெய்.