ஆவணி வரைக்கும் சொல்லக் கூடாது

9 ஜூன் 2025
சிவகிரியிலிருந்து வேல்விழியைப் பெண் பார்த்துவிட்டுப் போனார்கள். பையன் கோகுல் பேசுவதே தெரியவில்லை. அவன் அம்மா வள்ளித்தாய் இருவருக்கும் சேர்த்துப் பேசினார். "உங்க பக்கம் சீக்குக்கீக்கு உண்டுமா மதினி?" என்று நேராகவே கேட்டார். "தலைவலிகூடக் கிடையாது" என்று பெருமை அடித்துக்கொண்டேன். ஆவணியில் நிச்சயம். என் மகளுக்கு விடிந்துவிட்டது.

11 ஜூன்
மார்பை நாமே சோதிப்பது எப்படி என்று கடைக்கு ஒரு நர்ஸ் வந்து சொல்லிக்கொடுத்தார். ஜவுளிக்கடையில் உள்ளாடைப் பிரிவில் பதினாறு வருஷமாக நிற்கிறேன். ஊர்ப் பெண்களின் அளவைக் கண்ணாலேயே சொல்லிவிடுவேன், எனக்கே பாடமா என்று சிரித்தேன். குளிக்கும்போது விளையாட்டாக மூன்று விரலை வைத்துச் சுற்றிச் சுற்றி அழுத்தினேன். இடது பக்கம், அக்குள் ஓரமாக. பட்டாணி அளவு.

12 ஜூன்
இருக்கிறது.

13 ஜூன்
இன்று மட்டும் ஆறு தடவை. அதில் இரண்டு, ட்ரையல் ரூமில் தாழ் போட்டுக்கொண்டு. மாசத்துக்கு ஒரு தடவை போதும் என்றுதான் நர்ஸ் சொன்னார் – கை கேட்டால்தானே. வலிக்கவே இல்லை. வலிக்காதது கொழுப்புக் கட்டிதான். கொழுப்புத்தானே?

24 ஜூன்
கோவிலுக்குப் போனேன். வெளியே கடையில் கண், கை, கால், பாம்பு, தேள் என்று நேர்ச்சைத் தகடுகள் தட்டு நிறைய. எனக்கு வேண்டியதை எந்த வாயால் கேட்பது? புற்றுமண்ணை வாங்கித் தடவிக்கொண்டு வந்தேன். அறிவுகெட்டவள்.

6 ஜூலை
ஆஸ்பத்திரிக்குப் போனால் ஊருக்குத் தெரியும். ஊருக்குத் தெரிந்தால் சிவகிரிக்குத் தெரியும். தாய்க்கு இருந்தால் மகளுக்கும் வரும் என்று வள்ளித்தாய் பேச்சை முறித்துவிட்டால்? ஆவணி வரைக்கும் சொல்லக் கூடாது. வீட்டுக்காரரிடமும் மூச்சு விடவில்லை.

20 ஜூலை
வேல்விழி தென்காசியிலிருந்து வந்திருந்தாள். தோசையைப் பிய்த்துக்கொண்டே சொன்னாள்: "பேங்க்ல செக்கப்பும்மா. வீட்டுல யாருக்காவது கேன்சர் உண்டான்னு கேட்டிருந்தாவ. இல்லன்னு டிக் அடிச்சிட்டேன்."
தோசைக்கரண்டி கையிலேயே நின்றுவிட்டது. அவள் வாழ்க்கைக்காக வாயை மூடியிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேனே! நாளைக்கு அவளுக்கே ஒன்று வந்தால்?
"அத மாத்தி எழுதணுமோ என்னமோட்டி," என்றேன். அதற்குமேல் மறைக்க முடியவில்லை, அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.
"ஆறு வாரமாவாம்மா மறைச்ச? எனக்கு அந்த நிச்சயம் பெருசா, நீ பெருசா?" என்று கத்தினாள். அப்பாவையும் கூப்பிட்டுச் சொல்லிவிட்டாள்.

24 ஜூலை
திருநெல்வேலி. மேமோகிராம். அப்புறம் ஊசி விட்டுச் சதை எடுத்தார்கள். திரும்பும்போது பஸ்ஸில் இவர் என் கையை விடவே இல்லை.

1 ஆகஸ்ட்
கேன்சர்தான். பயமாக இருக்கிறது. ஆரம்ப நிலை, கட்டியை மட்டும் எடுத்தால் போதும் என்றார் டாக்டர். இன்னும் தாமதித்திருந்தால் என்று அவர் ஆரம்பித்ததை நான் முடிக்க விடவில்லை.

2 ஆகஸ்ட்
வேல்விழியே கோகுலுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டாள். "அம்மாட்ட பேசுதேன்" என்று வைத்துவிட்டானாம்.

9 ஆகஸ்ட்
சிவகிரியிலிருந்து பேச்சே இல்லை.

15 ஆகஸ்ட்
ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தாயிற்று. இடது கையைத் தூக்க முடியவில்லை. சிவகிரி – இல்லை.

21 ஆகஸ்ட்
வள்ளித்தாய் வந்தார். தனியாக, பஸ்ஸில், ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு. நிச்சயத்தை நிறுத்தத்தான் வந்திருக்கிறார் என்று வேல்விழியின் முகமே செத்துப்போனது. அவளை வெளியே போகச் சொல்லிவிட்டு அவரே கதவைச் சாத்தினார்.
"தப்பா நெனைக்காதீய மதினி."
என் வலது கையைப் பிடித்துத் தன் முந்தானைக்குள் கொண்டுபோய் வைத்தார். "இங்கன பாருங்க. உங்களுக்கும் இப்படித்தான் இருந்துச்சா? எனக்கு ரெண்டு வருசமா இருக்கு. பிள்ளைட்ட கூடச் சொல்லல."
கல் மாதிரி இருந்தது. நான் கையை எடுக்கவில்லை.
நாளைக்கு எனக்குத் தையல் பிரிக்கிறார்கள். அவரும் கூட வருகிறார், ராத்திரி இங்கேயே தங்கிவிட்டார். நிச்சயத்தைப் பற்றி இரண்டு பேருமே பேச மறந்துவிட்டோம்.