பேருந்தைவிட்டு இறங்காத பெண்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் மூட்டுவலி எப்படி இருக்கிறது? மாத்திரையை ஒளித்து வைக்காமல் சாப்பிடுங்கள்.

பள்ளிப் பேருந்தில் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் என் வேலை நன்றாகப் போகிறது. போன வாரம் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி தன் நிறுத்தத்தில் இறங்க மறுத்தாள். ஆள் நடமாட்டமில்லாத அந்தச் சாலையில் ஒருவன் தினமும் வழிமறித்துக் கையைப் பிடிக்கிறானாம். "வீட்ல சொன்னா படிப்பை நிறுத்திடுவாங்கக்கா" என்று அழுதாள்.

நானே வீட்டுக்குக் கூட்டிப்போனேன். அவள் பயந்தபடியே அவளுடைய அம்மா, "நாளையிலேருந்து ஸ்கூலே வேணாம்" என்றார்.

"எனக்கும் இப்படி நடந்துச்சும்மா. எங்கப்பா என் படிப்பை நிறுத்தலை. அவனைத்தான் நடுத்தெருவுல நிக்க வச்சுக் கேட்டாரு" என்றேன்.

அந்த அம்மா மகளைக் கட்டிக்கொண்டு அழுதார். மறுநாள் அவரே காவல் நிலையத்துக்குப் போய்ப் புகார் கொடுத்தார். அவனைப் பிடித்துவிட்டார்கள். பேருந்தும் இப்போது அவள் வீட்டு வாசலிலேயே நிற்கிறது. எனக்கு ஒன்றுமில்லை, பயப்படாதீர்கள்.

அன்று ஊர் வாய்க்குப் பயப்படாமல் என்னோடு பள்ளிவரை நடந்தீர்களே, அதற்கு நான் நன்றி சொன்னதே இல்லை அப்பா. இப்போது சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் இங்கே பேச ஆளில்லை. உங்கள் குரலைப் பதிவு செய்து அனுப்புங்கள், திட்டினாலும் பரவாயில்லை. டிரைவர் ஹாரன் அடிக்கிறார், ஓடுகிறேன்.

உங்கள் மகள்