எல்லம்மாள் மறைத்த கோழி

ஜனவரி 19, திங்கள்
உப்பங்கழி ஓரத்துச் சவுக்குத் தோப்பில் ஏழு காகங்கள் செத்துக் கிடந்தன. கையுறை, முகக்கவசம் போட்டு எடுத்து, ஐஸ் பெட்டியில் வைத்து எங்கள் கால்நடை மருத்துவமனையிலிருந்து பரிசோதனைக்கு அனுப்பினேன். தோப்பை ஒட்டிய வீட்டு எல்லம்மாள் வேலிக்கு அப்பால் நின்று சிரித்தார். "இன்னா ஸ்ரீதேவி, காக்காவுக்குமா போஸ்ட்மார்ட்டம்?" அவருக்குக் கணவர் இல்லை. ஒரே மகள் சிநேகாவுக்கு சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் கம்பெனி வேலை. துணைக்குப் பதினோரு கோழிகள். கணக்கெடுப்பில் எழுதிக்கொண்டேன்.

ஜனவரி 23
பறவைக் காய்ச்சல்தான். ஒரு கிலோமீட்டருக்குள் கோழி, வாத்து எதுவும் மிஞ்சக் கூடாது என்று உத்தரவு.

ஜனவரி 24
எல்லம்மாள் தானே பத்துக் கோழிகளைப் பிடித்துக் கொடுத்தார்.
"இன்னொண்ணு எங்கம்மா?"
"கீரி இட்டுகினு போச்சு."
உள்ளே கவிழ்த்த கூடைக்கடியில் சத்தம் கேட்டது. அடைக்கோழி. அவர் என் முகத்தையே பார்த்தார். படிவத்தில் 'பத்து' என்று எழுதினேன்.
இரக்கமா? அல்லது, காலையிலிருந்து கழுத்தைத் திருகித் திருகி, இன்னும் ஒன்றுக்குக் கையில் தெம்பில்லையா?

ஜனவரி 25
ஒரு கோழிதானே.

பிப்ரவரி 2
எல்லம்மாள் மறைத்த கோழி செத்துவிட்டது. இரண்டு நாளாக மடியில் வைத்து மஞ்சள் தண்ணீர் புகட்டினாராம். இப்போது அவருக்கே காய்ச்சல், மூச்சுத் திணறல். ஆம்புலன்ஸை வரவழைத்து செங்கல்பட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். ஏறும்போது சொன்னார்: "நீ ஒண்ணியும் பாக்கல கண்ணு. யார் கேட்டாலும் அப்டித்தான் சொல்லுவேன்."

பிப்ரவரி 4
ஆஸ்பத்திரியில் விசாரித்தவர்களிடம் அப்படியே சொல்லியிருக்கிறார். அவருடைய பரிசோதனை முடிவும் வந்தது — காகங்களுக்கு வந்த அதே கிருமி.

பிப்ரவரி 8
போய்ட்டாங்க. ஐயோ... எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் வுட்டேன்.

பிப்ரவரி 10
நடந்ததை எழுதி டாக்டர் வாசுதேவனிடம் கொடுத்தேன். எங்கள் கால்நடை மருத்துவமனையில் அவர்தான் எனக்கு மேலதிகாரி. படித்துவிட்டு என்னிடமே திருப்பி நீட்டினார்.
"அந்தம்மாவே உன்னைக் காப்பாத்திட்டுப் போயிருக்காங்க. இது எதுக்கும்மா இப்போ?"
"அவங்க பொய்யோட அப்படியே இருக்க என்னால முடியல சார்."
வாங்கிக்கொண்டார்.

பிப்ரவரி 11
சிநேகாவுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டு முடித்ததும் போனை வைத்துவிட்டாள்.

பிப்ரவரி 16
பக்கத்து ஊரிலும் காகங்கள் விழுந்திருக்கின்றன. என்மேல் விசாரணை இருந்தாலும் ஆள் இல்லாததால் வீடுவீடாகப் போய், அழிப்பதற்குக் கோழிகளைக் கேட்டு வாங்கும் வேலை எனக்குத்தான். பொன்னி என்பவர் கதவையே முழுதாகத் திறக்கவில்லை. "எங்க கோழி நல்லாத்தான் கீது. நீ போம்மா." ஆறு வீட்டிலும் இதே கதை. எதைச் சொல்லிக் கேட்பேன்? கேட்க எனக்கென்ன தகுதி?

பிப்ரவரி 17
காலையில் சிநேகா பஸ்ஸிலிருந்து இறங்கினாள். டாக்டரிடம் விசாரித்துக்கொண்டு வந்திருக்கிறாள். நான் நீட்டிய முகக்கவசத்தை வாங்கி மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தாள். பொன்னியின் வாசலில் நின்றாள்.
"அக்கா, எங்கம்மா ஒரே ஒரு கோழிய மறச்சி வெச்சாங்க. போன வாரம் எங்கம்மாவ எடுத்துட்டோம்."
பொன்னி அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். கண் கலங்கியது. பிறகு கொல்லைப்பக்கம் போய்க் கூண்டைத் திறந்தார்.
மதியத்துக்குள் ஆறு வீடும் முடிந்தது. தெருமுனையில் சிநேகா நின்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.
"இன்னும் ரெண்டு தெரு கீது," என்றாள். "வாங்கக்கா."