சொல்லாமல் இருந்த இரண்டு நாள்

இன்று காலை மாடியறையைப் பெருக்கும்போது, ஏரோப்ளேன் பெட்டியின் சார்ஜரில் நீ ஒட்டிய காகிதம் பிரிந்து தொங்குவதைப் பார்த்தேன். "இதைப் பிடுங்கி போன் சார்ஜ் போடாதே" என்று உன் சாய்வான கையெழுத்து. பசை காய்ந்துவிட்டது. டேப் எடுத்து மறுபடி ஒட்டினேன். பிறகு வேறு வேலை ஓடவில்லை. உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

அந்தப் பெட்டிக்குப் பெயர் வைத்தது உன் மகள். உள்ளங்கையளவு கணினி, அதில் செருகிய ஒரு ரிசீவர், மொட்டைமாடிக் குழாயில் கட்டிய ஆன்டெனா. அவ்வளவுதான் சாமான். மேலே போகிற விமானங்கள் தங்கள் இருப்பிடத்தைச் சொல்லிக்கொண்டே போகுமாம். அதைப் பிடித்து வரைபடத்தில் புள்ளியாகக் காட்டும் மென்பொருளை, பொழுதுபோக்காக இதைச் செய்கிறவர்கள் எழுதி இலவசமாகக் கொடுத்திருந்தார்கள். கீரனூரிலிருந்து திருச்சிக்குப் போகும் பஸ்ஸில், நின்றபடியே அதைப் பற்றி நீ எனக்குச் சொன்னாய். நான் பள்ளி அலுவலகத்தில் கிளார்க், நீ பாலிடெக்னிக் கணினி லேபில். உன் வீட்டுக்காரர் துபாயிலிருந்து இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வருவார். அவர் வரும் விமானத்தை வீட்டிலிருந்தே பார்க்க வேண்டும் என்பதுதான் உன் ஆசை.

முதல் மாதம் அது ஓடியதைவிட நின்றதுதான் அதிகம். நான் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றிப் பார்ப்பேன். நீ என் கையைத் தட்டிவிடுவாய். "ஒரு நேரத்துல ஒண்ணத்தான் மாத்தணும் ஸ்டெல்லா. இல்லாட்டி எதனால சரியாச்சுன்னே தெரியாது." அப்படி ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் சார்ஜருக்குச் சக்தி போதவில்லை என்று கண்டுபிடித்தாய். புது சார்ஜர் வாங்கி, காகிதமும் ஒட்டினாய். அந்த முறை அவர் வந்தபோது விமானம் மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டியதும் நீ தெருவே கேட்கக் கத்தினாய்: "மலையைத் தாண்டிட்டார்டி!"

பிறகு நடந்ததை நாம் அதிகம் பேசியதில்லை. இப்போது எழுதிவிடுகிறேன்.

உன் நாத்தனார் வீட்டு விசேஷத்துக்கு ஆவுடையார்கோவில் போயிருந்தாய். பெட்டியின் மெமரி கார்டு கெட்டுப்போனதால், வீட்டுச் சாவியை என்னிடம் கொடுத்து, புதுக் கார்டில் மென்பொருளை ஏற்றி வைக்கச் சொன்னாய். ஏற்றினேன். நீ போன் செய்து "ஓடுதா?" என்று கேட்டால் அலுவலகத்திலிருந்தே பார்த்துச் சொல்ல வேண்டும் என்று, உன் வீட்டு மோடத்தில் வெளியிலிருந்து உள்ளே வர ஒரு வழியைத் திறந்துவிட்டேன். எப்படித் திறப்பது என்று ஏதோ வீடியோவில் பார்த்திருந்தேன். கணினியின் பாஸ்வேர்டு, மென்பொருளோடு வந்த பாஸ்வேர்டு. ஊரறிந்தது. சாயங்காலம் மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டேன். அப்புறம் மறந்தே போனேன்.

நீ திரும்பி வந்த வாரத்தில் உன் வீட்டு இன்டர்நெட் நின்றது. கேபிள்காரர் வாசலில் நின்றபடியே சொன்னார்: "ஒங்க லைன்லேருந்து எங்கெங்கயோ இருக்கிற கம்ப்யூட்டருக்குள்ள பூந்து பாக்குறாங்களாம்க்கா. மேலேருந்து லைனைப் பூட்டச் சொல்லிட்டாங்க. வீட்ல எதுல வைரஸ் இருக்குன்னு பாத்துச் சரிபண்ணுங்க. போலீசு அது இதுன்னு வந்தா நான் பொறுப்பில்ல."

நானும் அப்போது உன் பக்கத்தில்தான் நின்றேன். போலீஸ் என்ற சொல்லைக் கேட்டதும் பயந்துவிட்டேன். என்னால்தான் என்று அந்த நிமிடமே தெரிந்துவிட்டது. வாயைத் திறக்கவில்லை.

நீ உன் வழக்கப்படி ஒவ்வொன்றாகப் பார்த்தாய். முதலில் உன் போன், அடுத்து லேப்டாப், பிறகு மகளின் போன். பத்தாம் வகுப்புப் பிள்ளை, ஏதோ விளையாட்டை எங்கிருந்தோ இறக்கி வைத்திருந்தாள். "இதுதான், இதாலதான்" என்று அவளை அடித்துவிட்டாய். போனைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டினாய். அவள் "நான் ஒண்ணும் பண்ணலம்மா" என்று அழுதது என் வீடு வரைக்கும் கேட்டது. இரண்டு நாள் அந்தப் பிள்ளை உன்னோடு பேசவில்லை. இரண்டு நாளும் நான் உன்னோடு பஸ்ஸில் போய் வந்தேன், அரிசி விலையைப் பற்றியெல்லாம் பேசினேன்.

மூன்றாம் நாள் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் சொன்னேன். நீ நடந்துகொண்டே இருந்தாய். வீட்டுக்குள் போனதும் முதலில் கூடத்துக் கேமராவைப் பார்த்தாய். அவர் துபாயிலிருந்து வீட்டைப் பார்ப்பதற்காக மாட்டியது. "அதும் அதே லைன்லதான இருக்கு. எவனாச்சும் பாத்திருப்பானா?" என்றாய். பார்த்தார்களா என்று கடைசிவரை தெரியவில்லை. நீயும் மகளும் அந்தக் கூடத்தில்தான் தலை வாருவீர்கள், உடை மாற்றுவீர்கள். நாற்காலியில் ஏறிக் கேமராவைக் கழற்றினாய்.

பிறகு கணினியின் பதிவேட்டைத் திறந்து எனக்குக் காட்டினாய். நான் திறந்துவிட்ட நாளிலிருந்து யார் யாரோ பாஸ்வேர்டை மாற்றி மாற்றிப் போட்டுத் தட்டியிருந்தார்கள். ஒருவன் உள்ளே வந்திருந்தான். கார்டை அழித்தாய், மோடத்தில் வழியை அடைத்தாய், பாஸ்வேர்டுகளை எல்லாம் மாற்றினாய். நான் "மன்னிச்சுக்கடி" என்றேன்.

"தெறந்துவிட்டது தப்புதான், அது யாருக்கும் வரும். ரெண்டு நாளு சொல்லாம என் பக்கத்துல உக்காந்து வந்தியே, அதுதான் என்னால தாங்க முடியல. எங்கிட்ட கேக்காத. அவகிட்ட போய்க் கேளு."

கேட்டேன். உன் மகள் என்னையும் உன்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அடிச்சது அம்மாதானே அத்தை" என்றாள். அன்று இரவு நீயும் அவளிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறாய். அவள் பிற்பாடு சொல்லித்தான் தெரியும்.

ஆறு மாதம் என்னோடு அளவாகத்தான் பேசினாய். அப்புறம் ஒருநாள் பஸ்ஸில் எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தாய். சரியாகிவிட்டது என்று புரிந்துகொண்டேன்.

அதற்கு மூன்று வருடம் கழித்து நீ மெலிய ஆரம்பித்தாய். கேட்டால் "வயித்துல கேஸ்" என்பாய். டிபன் பாக்ஸை மூடியபடியே திருப்பிக் கொண்டுவருவாய். திருச்சி ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றுதான் வயிற்றில் கட்டி இருப்பதும், பரவிவிட்டதும் எனக்குத் தெரிந்தது.

"எத்தன நாளா வலி?"

"ஆடி மாசத்துலேருந்து."

அப்போது தை பிறந்துவிட்டிருந்தது. எனக்கு வந்த கோபத்தில் நர்ஸ் இருப்பதைக்கூடப் பார்க்கவில்லை. "ரெண்டு நாளுக்கு என்னை அந்தப் பேச்சு பேசுனியே. நீ ஆறு மாசம் என் பக்கத்துல உக்காந்து வந்திருக்க!"

"அவரு காண்ட்ராக்ட் இன்னும் ஒரு வருசம் இருந்துச்சு. சொன்னா ஓடியாந்துருவாரு. அதுவும்கூட இல்ல ஸ்டெல்லா. கம்ப்யூட்டரைத் தெறந்து பாக்குற தைரியம் வேற. இது வேற."

அவர் வந்த அன்று நீ வீட்டில் கட்டிலில் இருந்தாய். போனை நான் பிடித்துக்கொள்ள, நீ புள்ளியைப் பார்த்துக்கொண்டே இருந்தாய். மலை தாண்டியதும் கத்தவில்லை. மகளைக் கூப்பிட்டுத் தலை வாரிவிடச் சொன்னாய். பங்குனியில் போய்விட்டாய்.

பெட்டியை உன் வீட்டுக்காரர் என்னிடம் கொடுத்துவிட்டார். மாதம் ஒருமுறை புதுப்பிக்கிறேன், பதிவேட்டைப் பார்க்கிறேன், பாஸ்வேர்டு நீளமாக வைத்திருக்கிறேன். இதெல்லாம் நீ இருந்தாலும் செய்திருப்பேன். உன்மேல் இருந்த கோபம் மட்டும் தீராமலே கிடந்தது. அந்த ஆறு மாதத்தை எண்ணி எண்ணிப் பார்ப்பேன்.

போன மாதம் குளிக்கும்போது மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. என் பையனுக்குப் பரீட்சை முடியட்டும், பிறகு சொல்லலாம் என்று நினைத்தேன். சேலை கட்டி, சமைத்து, டிபன் கட்டி, பஸ்ஸுக்கு வாசல்வரை வந்துவிட்டேன். செருப்பைப் போட்டபடி அங்கேயே நின்றேன். இரண்டு பஸ் போயிற்று. திரும்பி உள்ளே வந்து, அடுப்படியில் இருந்த என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். பரிசோதனையில் பயப்பட ஒன்றுமில்லை என்றார்கள்.

ஆனால் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடுவில் உள்ள அந்தப் பத்தடியை நடக்க எனக்கு முக்கால் மணி நேரம் ஆனது. நீ ஆறு மாதம் ஏன் நின்றாய் என்று இப்போது உன்னிடம் கேட்கமாட்டேன்.